கிளுவை வேலி இருந்த இடம்

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்க இந்த வயதிலும் எனக்குக் கூச்சம். இறங்கவேண்டிய இடம் வந்ததும் கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். படித்தவர்கள் பெரிய பெரிய விஷயங்களை எழுதுகிறார்கள். நான் எழுதுவது ஒரு வேலியைப் பற்றியும் அதில் ஏறிய ஒரு பூச்சியைப் பற்றியும்தான். இதையெல்லாம் எழுத இவளுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் வந்து, இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். வீட்டுப் பின்பக்கம் நின்றால் கல்வராயன் மலை கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேர், அண்ணனும் நானும். என் வீட்டுக்காரர் லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவர். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் யாரும் இரு என்று சொல்லவில்லை. நான் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்கிற பழக்கம் அன்றைக்கு இல்லை. கொடுக்க மனமிருந்தால் வாயால் கொடுப்பார்கள். அப்பா கிழக்குப் பக்கத்து அரைக்காணி நிலத்தை எனக்கு என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வேலி நட்டார். வேலி நட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஊரில் யாரும் "இது யாருது?" என்று கேட்கமாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணனுடையது, இந்தப் பக்கம் என்னுடையது.

அந்த வேலிக்காக அப்பா மலையடிவாரத்துக்குப் போய் கிளுவைப் போத்து வெட்டி வந்தார். போத்து என்றால் நடுவதற்காக வெட்டுகிற கிளை. விதை வேண்டாம், வேர் வேண்டாம். மழைக்கு முன்னால் மண்ணில் ஊன்றிவிட்டால் கிளுவை தானாகப் பிடித்துக்கொள்ளும். அது இந்த மண்ணின் செடி. முள் இருக்கும், ஆடு உள்ளே நுழையாது. இரண்டு மழை பார்த்ததும் இடைவெளியில் தானாகத் துத்தி முளைத்தது, வேலிப்பருத்தி படர்ந்தது, சூரை வந்து பின்னிக்கொண்டது. கட்டி வந்தால் துத்தி இலையை வதக்கிக் கட்டுவோம். ஊரில் யாருக்குக் கட்டி வந்தாலும் என் வேலிக்குத்தான் வருவார்கள். அந்தச் சாக்கில் என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். நானாக யார் வீட்டுக்கும் போகமாட்டேன் என்பதால் அது எனக்கு வேண்டியிருந்தது.

கிளுவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனி இறங்கும்போது இலையெல்லாம் கொட்டிவிடும். தையிலிருந்து கோடை மழை வரைக்கும் வெறும் முள்ளும் குச்சியுமாக நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால் பட்டுப்போன வேலி என்பார்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை இருக்கும். ஒரு வாசனையும் வரும். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட இது தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

அந்த அரைக்காணியில் மழையை நம்பி ஒரு வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவேன், ஒரு வருஷம் கேழ்வரகு. நான் யாரிடமும் கையேந்தாமல் இருந்ததற்கு அந்தத் துண்டு நிலமும், அதன் ஓரத்தில் இருந்த என் ஓட்டு வீடும்தான் காரணம். வேலி போனால் நிலம் போகும், நிலம் போனால் அண்ணன் வீட்டு அடுப்படிதான் எனக்கு என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

அண்ணன் மரவள்ளி போடுகிறவர். கிழங்கு சின்னசேலம் வழியாகச் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். மரவள்ளிக்கு விதை கிடையாது. போன வருஷத்துச் செடியின் தண்டைத்தான் துண்டு போட்டு நடவேண்டும். அதைக் குச்சி என்போம். குச்சியை யாரும் விலைக்கு வாங்குவது இல்லை. சொந்தக்காரர்களுக்குள் கொடுப்பதும் வாங்குவதும்தான். அண்ணன் மகளை ஆத்தூர்ப் பக்கம் கொடுத்திருந்தோம். அந்தச் சம்பந்தி, புது ரகம் என்று சொல்லி ஒரு டிராக்டர் நிறையக் குச்சி அனுப்பினார். அது எங்கள் சாதியின் இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடிப்பதற்கு முந்தின வருஷம்.

நடுகிற வரைக்கும் குச்சியை நிழலில் செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பயிர் வைக்கிற நிலத்தைத்தான் கொல்லை என்போம். அண்ணன் கொல்லையில் நிழல் இல்லை. கிளுவை இலை கொட்டியிருந்தாலும் சூரையும் வேலிப்பருத்தியும் அடர்ந்திருந்த என் வேலி ஓரத்தில்தான் வழக்கம்போல இறக்கினார்கள். அண்ணிதான் முதலில் பார்த்தார்.

"இன்னா இது, கணுவுல வெள்ளையா என்னமோ ஒட்டிக்கினு இருக்குது?"

"தூசி."

"தூசி இல்லிங்க. பிசுபிசுன்னு இருக்குது பாருங்க."

"சம்பந்தி வூட்டுக் குச்சிய வெளிச்சத்துல புடிச்சிப் பாத்து வாங்குவியா நீ? நாளைக்கி உம் பொண்ணு அந்த வூட்ல குந்தி சோறு துன்ன வாணாமா? குச்சிய அந்தாண்ட நிறுத்துங்கடா!" என்று அண்ணன் ஆட்களிடம் கத்தினார்.

அவ்வளவுதான். சம்பந்தி கொடுத்த குச்சியைக் கழித்துப் போடுவது அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி. எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

குச்சி நட்டாகிவிட்டது. கோடையில் முதலில் என் வேலித் துத்திதான் வெளுத்தது. கோலமாவை யாரோ கை தவறிக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இலைக்கு அடியிலும் காம்பிலும் வெள்ளை. விரலால் நசுக்கினால் மஞ்சளாக நீர் வந்தது. எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முதலில் நான் எறும்பைத்தான் திட்டினேன். பிறகு வேலிப்பருத்தி சுருண்டது. அப்புறம் கிளுவைத் துளிர். மழை பார்த்துவிட்டு அப்போதுதான் விட்டிருந்த துளிர் எல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றது. பூச்சி விட்ட ஒட்டுநீர் சொட்டிய இடமெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்தது. கட்டிக்கு இலை கேட்டு வந்த ஒருத்தி கையை வேலிக்குள் விட்டுவிட்டு, "த்தூ, இன்னாக்கா இது!" என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

அண்ணனின் மரவள்ளியும் தப்பவில்லை. கொழுந்து கொத்தாகச் சுருங்கிப் பிள்ளைக் கை மூடின மாதிரி நின்றுவிட்டது. அவர் கடைக்காரன் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தார். மேலே மாவு பூசிக்கொண்டிருக்கிற பூச்சிக்கு மருந்து ஒட்டவே இல்லை.

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு சின்ன வயது அம்மா வந்தார். அண்ணன் கொல்லையில் நின்று ஒரு இலையைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"இது நம்ம ஊர்ப் பூச்சி இல்லீங்க. கடல் தாண்டி வந்தது. அது பொறந்த ஊர்ல அதத் தின்னறதுக்கு வேற பூச்சி இருக்கும். இங்க அது இல்ல, அதான் இப்புடிப் பெருவுது. கொல்லிய சுத்தி இருக்கற களை, பொதர எடுத்துடுங்க. பூச்சி புடிச்ச குச்சிய மறுபடி நடாதீங்க, சம்பந்தி குடுத்தாலும் சரி, சாமி குடுத்தாலும் சரி."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். சொன்னது இரண்டு. அண்ணன் காதில் விழுந்தது ஒன்று.

அந்த அம்மா வண்டியை எடுக்கிற இடத்துக்கு நான் போய் நின்றேன். கேட்கலாமா வேண்டாமா என்று நிற்கையில் அவரே, "இன்னாங்கம்மா?" என்றார். வேலியைக் காட்டினேன். அவர் இறங்கி வந்து பார்த்தார். "துத்திய மட்டும் புடுங்கி அங்கியே கொளுத்திடுங்க. தூக்கிக்கினு போயி வேற எடத்துல போடாதீங்க. கிளுவ பொழைச்சிக்கும். சோப்புத் தண்ணியில வேப்பெண்ண கலந்து அடிங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் வேலியைக் கழுவினேன். துணி துவைக்கிற சோப்பைச் சீவிக் கரைத்து, வேப்பெண்ணெய் விட்டு, பழைய தென்னந்துடைப்பத்தால் ஒவ்வொரு கிளுவையாகத் தேய்த்தேன். முள் கிழித்த கை சோப்பில் எரியும். துத்தியையெல்லாம் பிடுங்கிக் கொளுத்தினேன். அப்பா காலத்திலிருந்து இருந்த துத்தி. பாதைவழி போகிறவர்கள், "வேலிக்கித் தல குளிப்பாட்டறியா? சீயக்கா வோணுமா?" என்று கேலி பேசினார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஐப்பசி மழையில் கிளுவை மறுபடியும் துளிர்விட்டது. வெள்ளை இல்லாத துளிர். எங்கேயோ ஒன்றிரண்டில் மட்டும் இருந்தது.

அண்ணனிடம் சொன்னேன். "கிளுவ பொழைச்சிக்கும்னு அந்த ஆபீசரு அம்மா சொன்னாங்கண்ணா."

"ஓகோ, உங்கிட்ட மட்டும் தனியா வந்து சொல்லிட்டுப் போனாங்களா? எல்லார் முன்னாடியும் சொன்னது, பொதர எடுக்கச் சொல்லித்தான். உன் வேலியாலதான் என் கொல்லி பாழாப் போச்சின்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

வேலியிலிருந்து குச்சிக்கு வந்ததா, குச்சியிலிருந்து வேலிக்கு வந்ததா என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லியிருந்தால் சம்பந்தியைப் பழித்தேன் என்றுதான் ஆகியிருக்கும்.

பனி இறங்கியது. கிளுவை இலையைக் கொட்டியது. அதே சமயத்தில்தான் போராட்டம் வேகமாகிவிட்டது. எங்கள் சாதிக்குத் தனியாக இடஒதுக்கீடு வேண்டும் என்று ஊருக்கு ஊர் மனுக் கொடுத்தார்கள். பஸ் ஓடுமா, ரயில் நிற்குமா என்று தினமும் பேச்சு. அண்ணன் முன்னால் நின்றார். சின்ன வயதில், முந்தைய போராட்டத்தின்போது, ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். போலீஸ் அடித்த தழும்பு முழங்காலில் இருக்கிறது, இன்றைக்கும் வேட்டியைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கோரிக்கை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவர் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அண்ணன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் என் வாசலுக்கு வருவது அபூர்வம்.

"நாளைக்கிக் கள்ளக்குறிச்சிக்கி வண்டி போவுது. வூட்டுக்கு ஒரு பொம்பள வரணும்னு சொல்லிட்டாங்க. உங்க அண்ணிக்கி முட்டி வலி. நீ வாம்மா."

"எனக்குக் கூட்டம்னா..."

"நீ இன்னா மேடையேறிப் பேசவா போற? குந்திக்கினு இருந்தாப் போதும்."

அவர் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. போனேன்.

வேனில் பக்கத்து வீட்டு அக்கா என் மடிமேல் பாதி உட்கார்ந்துகொண்டு வந்தார். அண்ணன் மகன் வரவில்லை. சளி, வெளியே வந்தால் கொரோனா என்பார்கள் என்று காரணம் சொன்னானாம். அந்த அக்கா விடவில்லை. "யாரு வேலைக்கிப் போவணும்னு கேக்கப் போறமோ அவன் இழுத்துப் போத்திக்கினு படுத்துக்கினு இருக்கான். முட்டி தேஞ்ச கெழடிங்க நாங்க போறோம், எங்களுக்குக் கலெக்டர் வேல குடுப்பாங்க." வேனே சிரித்தது. முன்சீட்டில் இருந்த அண்ணன் மட்டும் திரும்பவில்லை.

கள்ளக்குறிச்சியில் வெயிலில் உட்கார்ந்தோம். எல்லாருடைய முகக்கவசமும் தாடையில் தொங்கியது. மைக்கில் ஒருவர் கத்தினார், கூட்டம் திருப்பிக் கத்தியது. "எங்க பங்கு எங்களுக்கு வேணும்!" நான் முதலில் உதட்டை மட்டும் அசைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா இடித்தார். "லெமன் சோறு துன்ன இல்ல? கத்து." கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் தடவை கத்தும்போது பயமே இல்லை. நன்றாகக்கூட இருந்தது. முன்வரிசையில் இருந்த அண்ணன் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், "என் தங்கச்சி வாயத் தொறந்துட்டா பாருய்யா!" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொழுது சாய்கையில் ஊர் வந்தோம். என் வீட்டுப் பக்கம் திரும்பியதும் ஏதோ வெளிச்சம் ஜாஸ்தியாக இருக்கிற மாதிரி பட்டது. வேலி இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் புதுமண் கிளறிக் கிடந்தது, ஜேசிபி சக்கரத்தின் தடம் பல்லுப் பல்லாக. அண்ணன் கொல்லையும் என் கொல்லையும் ஒரே கொல்லையாகக் கிடந்தன.

சளி பிடித்தவன் அங்கே நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் போனைக் கீழே இறக்கினான்.

"செத்த வேலி அத்தே. பூச்சி மூட்ட. அப்பாதான் எடுத்துடச் சொன்னாரு."

கீழே ஒரு கிளுவைத் துண்டு கிடந்தது. எடுத்து நகத்தால் சுரண்டினேன். பச்சை. வாசனை வந்தது. அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. அண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தார். அவரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார்.

"பச்சையா இருந்தா இன்னா இப்ப?"

"அப்பா நட்டதுண்ணா."

"அப்பா நட்டதப் பூச்சி துன்னுடுச்சி. நான் இன்னா பண்ணுவேன்? கொல்லி எங்க ஓடிப் பூடப்போவுது, இங்கதான இருக்குது. ரெண்டும் ஒண்ணாக் கெடந்தா டிராக்டர் திரும்ப வசதி. நானே சேத்து உழுது போட்டுடறேன். நீ ஒண்டிப் பொம்பள எதுக்கு வெயில்ல கெடந்து சாவற? உனக்குச் சோறு இல்லன்னா சொல்லிட்டேன்?"

"அப்ப என் கொல்லி..."

"இன்னா கேக்கற?"

நான் கேட்க வந்தது, என் கொல்லை எங்கே என்றுதான். காலையில் அத்தனை பேர் நடுவில் கத்திய வாய் அங்கே வரவில்லை. அண்ணி வேலி இருந்த இடத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "சாப்புட வா. கொழம்பு இருக்குது" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலியை எங்கே போட்டார்கள் என்று கேட்டேன். டிராக்டரில் வாரி, காட்டோரத்து ஓடையில் கொட்டிவிட்டார்களாம். பிடுங்கிய இடத்திலேயே கொளுத்தச் சொன்ன பூச்சியை மலையடிவாரத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அந்தக் கோடையில் ஓடைக்கரைத் துத்தியெல்லாம் வெள்ளையாக நின்றதை நான் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து மேலே, அப்பா போத்து வெட்டிய கிளுவைப் புதர்வரைக்கும் ஏறியிருந்தது. சோப்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மலைக்கு யார் போவது? ஆத்தூர்ச் சம்பந்தியின் குச்சியோடு வந்த பூச்சிக்கு அந்த மலையில் எதிரி யாரும் இல்லை. அங்கே இருந்த செடிகளுக்கும் அதை எதிர்க்கத் தெரியவில்லை.

போராட்டத்தில் கேட்டதும் கிடைத்தது. வெடி வெடித்தார்கள், அண்ணன் ஊருக்கே சாக்லேட் கொடுத்தார், எனக்கும் ஒன்று. அந்த வருஷம் முடிவதற்குள் கோர்ட்டில் அது செல்லாது என்று ஆகிவிட்டது. அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கையில குடுத்துட்டுப் புடுங்கிக்கினாங்க பாரும்மா" என்று என்னிடமே வந்து சொன்னார். நான் அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு அடுப்படியில் நின்றுதான்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடப் போகவில்லை. கையில் இருந்த கிளுவைத் துண்டை வாசலில் ஊன்றினேன். அது மழைக்காலம் இல்லை, பிடிக்காது என்று தெரிந்தேதான் ஊன்றினேன்.

மறுநாள் காலையில் டிராக்டர் வந்து இரண்டு கொல்லையையும் ஒன்றாக உழுதது. மதியம் ஆத்தூரிலிருந்து சம்பந்தி அனுப்பிய குச்சி வந்து இறங்கியது. சாய்த்துவைக்க வேலி இல்லாததால் என் வீட்டுச் சுவரோரம் நிழலில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.